எருமைக்குச் சிட்டு என்று பெயர்

ஆகஸ்ட் 12, திங்கள்

இன்று காலை என் கம்பெனி என் மகளை விலைக்கு வாங்கிவிட்டது.

மகளை மட்டுமல்ல. கோயம்புத்தூரில் அவள் வேலை பார்க்கும் 'நுண்ணொளி' என்கிற கம்பெனியையே வாங்கிவிட்டார்கள், மேசை, நாற்காலி, இன்ஜினியர்கள், காபி மெஷின் சகிதம். கேன்டீன் டிவியில் பெரிய அதிகாரி கோட்டுப் போட்டுக்கொண்டு அறிவித்தார். எல்லோரும் கை தட்டினோம். தட்டி முடித்த பிறகுதான், 'நிறைமதி வேலை பார்க்கிற இடமாச்சே' என்று எனக்கு உறைத்தது. மூளை எனக்கு எப்போதும் கைக்கு அடுத்துத்தான்.

விற்கப்படுவது எனக்குப் புதிதல்ல. பன்னிரண்டாவதில் கோட்டைவிட்டு, ஐ.டி.ஐ. முடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் டெலிபோன் சாமான் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் ஸ்க்ரூ முடுக்கச் சேர்ந்தேன். அதை ஒருவன் வாங்கினான். அவனை இன்னொருவன் வாங்கினான். அவனை இப்போதைய கம்பெனியான டெல்வாரா வாங்கியது. நான் வேலை மாறியதே இல்லை. வேலைதான் கம்பெனி மாறியது. நாலு அடையாள அட்டை, ஒரே ஸ்டூல்.

என் இடத்துக்குக் கடைசி மேசை என்று பெயர். பெட்டி முழுசாகி வந்ததும் அதன் நெற்றியில் பெயர்ப்பலகையை முடுக்கி, தெர்மோகோலில் படுக்கவைத்து, அட்டைப்பெட்டியை மூடி அனுப்ப வேண்டும். சூப்பர்வைசர் என்பார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பெட்டிக்கு என்ன பெயர் என்று மட்டும் தெரியும், அதுவும் அந்த வருஷத்துக்கு.

என்ன பெட்டி என்று யாராவது கேட்டால் இப்படிச் சொல்வேன். நகரத்தைச் சுற்றிக் கண்ணாடி இழை கேபிளை வளையமாகப் போட்டிருப்பார்கள். வளையத்தில் அங்கங்கே எங்கள் பெட்டி உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் குடிநீர்க் குழாய்க்காரர்கள் தோண்டி கேபிளை அறுத்தால், போன் பேச்சும் சினிமாவும் மறுபக்கமாகச் சுற்றிப் போய்விடும். பேசுகிறவருக்குத் தெரியவே தெரியாது. இதற்கு மெட்ரோ நெட்வொர்க் என்று பெயர். தெருவில் பாதிப் பேர் நான் மெட்ரோ ரயில் கட்டுவதாக நினைக்கிறார்கள். நான் மறுத்ததில்லை.

எங்கள் பெட்டிக்குத் தொழிற்சாலையில் பட்டப்பெயர் எருமை. கனம் அதிகம், எழுந்திருக்க நேரமாகும். ஆனால் எழுந்துவிடும். நுண்ணொளியின் பெட்டிக்குச் சிட்டு என்று பெயர். டிபன் கேரியரை மல்லாக்கப் போட்ட அளவு. நிறைமதி அதில்தான் வேலை செய்கிறாள். அவர்களுடைய லேபில் ஒரு சிட்டு நாலு வருஷமாக ஒரு தடவைகூட அணைக்கப்படாமல் ஓடுகிறதாம். போன பொங்கலுக்கு வந்தபோது மூன்று தரம் சொன்னாள். மூன்றாம் தரம் நானாகக் கேட்டேன். மகள் பெருமை பேசினால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் போன் பண்ணினாள். "அப்பா, இனிமே நீயும் நானும் ஒரே கம்பெனி. ஆபீஸ்ல என்னை மேடம்னு கூப்பிடணும்."

"சரிங்க மேடம். சாப்டீங்களா மேடம்?"


ஆகஸ்ட் 14, புதன்

டீ நேரத்தில் எத்திராஜ் வந்தான். என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவன். யூனியன் விவகாரமெல்லாம் அவன்தான்.

"குணா, யோசிச்சியா? ஒரே வேலைக்கு ரெண்டு பொட்டி. எவனாவது ரெண்டையும் வெச்சு சோறு போடுவானா? ஒண்ணைக் காலி பண்ணிருவான். தீபாவளிக்குள்ள முடிவாம்."

"எதையாம்?"

"சிட்டு ஜெயிச்சா பேக்கிங்லாம் கோயம்புத்தூரு. நம்ம லைனுக்குப் பூட்டு. எருமை ஜெயிச்சா கோயம்புத்தூருக்குப் பூட்டு. உன் சோறா, உன் பொண்ணு சோறா, நீயே பாத்துக்கோ."

நான் சிரித்தேன். படித்த பிள்ளை, எங்கே போனாலும் பிழைத்துக்கொள்ளும். எனக்கும் வயசாகிவிட்டது, ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான். ஆகவே எனக்கு எந்தக் கவலையும் இல்லை.

மத்தியானம் மூன்று எருமைகளுக்குப் பெயர்ப்பலகையைத் தலைகீழாக முடுக்கிவிட்டேன். ஸ்க்ரூடிரைவர் பழசு.


ஆகஸ்ட் 25, ஞாயிறு

கற்பகத்திடம் விஷயத்தைச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அப்போ கோயம்புத்தூர் ஆபீஸை மூடிட்டா புள்ள இங்கயே வந்துரும், இல்ல?"

"அப்படியெல்லாம் நெனைக்கக் கூடாதுடி. அவளுக்கு அந்தப் பொட்டின்னா உசிரு."

"நான் நெனைக்கல. கேட்டேன்."

பிறகு மாடி அறைக்கு வெள்ளையடித்தேன். மழைக்காலம் வருகிறது அல்லவா, அதற்காக. ஜன்னலுக்குக் கொசுவலையும் போட்டேன். கொசுவும் வரும் அல்லவா.


செப்டம்பர் 5, வியாழன்

எருமையையும் சிட்டையும் ஒரே வளையத்தில் கட்டி ஓட்டிப் பார்த்தார்களாம். ஒன்றுக்கொன்று பேசவில்லை. எருமை வணக்கம் சொல்கிற முறை சிட்டுக்குப் புரியவில்லை. சிட்டு பதில் சொல்வதற்குள் எருமை தூங்கிவிட்டது. அம்பத்தூர் இன்ஜினியர்கள் சிட்டு மரியாதை தெரியாதது என்றார்கள். கோயம்புத்தூர் இன்ஜினியர்கள் எருமைக்குக் காது கேட்கவில்லை என்றார்கள். பெட்டிகளாவது ஒரு வார்த்தை பேச முயற்சி செய்தன. இவர்கள் மெயில்தான்.

ஆகவே நிர்வாகம் ஒரு முடிவு எடுத்தது: கலாச்சார ஒருங்கிணைப்புக் குழு. மனிதவளத் துறை அஞ்சனா மேடம் கீழே இறங்கி என் ஸ்டூல் வரை வந்தார்.

"குணசீலன் சார், வருஷா வருஷம் ஆயுத பூஜையை நீங்கதானே நடத்துறீங்க? இந்தத் தடவை கோயம்புத்தூர்ல ரெண்டு டீமும் சேர்ந்து ஒரே பூஜை. நீங்கதான் லீட்."

சார் என்றார். லீட் என்றார். ஸ்டூல் கொஞ்சம் உயர்ந்த மாதிரி இருந்தது.


செப்டம்பர் 6, வெள்ளி

கற்பகம்: "கலாச்சாரக் குழுவா? நீங்களா? லுங்கியை இறக்கி விட்டுட்டுப் பேசுங்க."


அக்டோபர் 9, புதன்

கோயம்புத்தூர். நிறைமதி வாசல்வரை வந்து, "வாங்க லீட்!" என்றாள். இளைத்திருந்தாள். சாப்பாடு சரியில்லை.

நுண்ணொளியை ஆரம்பித்த நாச்சிமுத்து என்பவரைப் பார்த்தேன். நாற்பது வயசு இருக்கும். விற்ற பிறகும் அங்கேயே சம்பளத்துக்கு இருக்கிறார். சொந்த வீட்டை விற்றுவிட்டு அதிலேயே குடியிருப்பவர் முகம்.

லேபின் கோடியில் அந்தச் சிட்டு. மேலே சின்னத் திரையில் நாள் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. வருகிறவர்களை முதலில் அங்கேதான் கூட்டிப்போவார்களாம். வாங்க வந்த பெரிய கோட்டுக்காரர்களும் அதைப் பார்த்துத்தான் மயங்கினார்களாம். பக்கத்தில் ஒரு தாள்: தொடாதீர், அணைக்காதீர். பின்புறச் சுவிட்சுக்கு ஒரு தகர மூடி வேறு.

பூஜை விஷயத்தில் உடனே சண்டை. எங்கள் வழக்கம், மெஷினை அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஓய்வு கொடுப்பது. வருஷம் முழுக்க உழைத்ததற்கு ஒரு நாள் லீவு. அவர்கள் வழக்கம், ஓடுகிற மெஷினுக்கே பொட்டு வைப்பது.

"ரெண்டையும் மெர்ஜ் பண்ணலாம்," என்றார் அஞ்சனா மேடம்.

"மத்ததையெல்லாம் நீங்க அணைச்சுத் தொடைங்ணா. எங்களுக்கு ஒண்ணுமில்லீங்," என்றார் நாச்சிமுத்து. "அந்தச் சிட்டை மட்டும் விட்டுருங். நாளைக்குப் பெரிய டெலிபோன் கம்பெனி அதிகாரிங்க பூஜைக்கு வர்றாங்க. அவிய ஒரு வார்த்தை சொன்னா, தீபாவளிக்கு முன்னாடி நம்ம சிட்டுதான்."

சரி என்றேன். நிறைமதி என் கையைப் பிடித்து அழுத்தினாள். ரொம்ப நாளாயிற்று அவள் அப்படிப் பிடித்து.


அக்டோபர் 10, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் சீக்கிரமே போய்விட்டேன். வாழைக்கன்று, மாவிலை, பொரி, கடலை எல்லாம் வந்திருந்தன. நிறைமதி வாசலில் கோலம் போடப் போனாள். நாச்சிமுத்து பூசணிக்காய் வாங்கப் போனார். அஞ்சனா மேடம் சென்னையிலிருந்து சுருட்டிக்கொண்டுவந்த பேனரை என்னிடம் கொடுத்தார்: 'இரு பெட்டி, ஒரு குடும்பம்.' எட்டடி நீளம். அந்த நீளத்துக்கு ஆணி இருந்த சுவர் சிட்டுக்குப் பக்கத்துச் சுவர்தான். கட்டியதும் 'அணைக்காதீர்' தாள் பேனருக்குப் பின்னால் போய்விட்டது. பேனருக்கு அளவு கொடுத்தது நான் அல்ல.

பிறகு வழக்கம்போல ஒவ்வொரு மெஷினாக அணைத்து, ஈரத்துணியால் துடைத்து, பொட்டு வைத்துக்கொண்டே வந்தேன். இத்தனை வருஷப் பழக்கம். கை தானாகப் போகும். கோடியில் சிட்டு. கை அதற்கும் போனது. மூடிக்கு இரண்டு ஸ்க்ரூ. என் சட்டைப்பையில் எப்போதும் ஸ்க்ரூடிரைவர் இருக்கும்.

துடைத்தேன். பொட்டு வைத்தேன். மறுபடி போட்டேன். திரையில் பூஜ்யம் என்று வந்தது.

நிறைமதி உள்ளே வந்தபோது கையெல்லாம் கோலமாவு. திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"யாருப்பா அணைச்சது?"

"தொடைச்சேம்மா."

அதற்குள் டெலிபோன் கம்பெனி அதிகாரிகள் வந்துவிட்டார்கள். நெற்றியில் குங்குமத்தோடு சிட்டின் முன்னால் நின்றார்கள். பெரியவர் குனிந்து, "நாலு வருஷம்னு சொன்னீங்க? ஜீரோன்னு காட்டுது?" என்றார்.

"இப்பத்தானுங் எந்திரிச்சுது," என்றார் நாச்சிமுத்து. பூசணிக்காயை இன்னும் இடுப்பில் வைத்திருந்தார்.

"பரவாயில்லை. ஓட்டிக் காட்டுங்க."

சிட்டு வளையத்தின் வழியாக ஒரு சினிமாவை ஓடவிட்டு, நடுவில் ஒரு கேபிளைப் பிடுங்குவார்கள். படம் நிற்காது. அதுதான் வித்தை. இன்று படம் ஆரம்பிக்கவே இல்லை. சிட்டு எல்லாவற்றையும் மறந்துவிட்டிருந்தது. யாரோடு பேச வேண்டும், எந்தப் பக்கம் சுற்ற வேண்டும், எதுவும் ஞாபகமில்லை. திரையில் தன் பெயர் என்ன என்று எங்களைக் கேட்டது. இன்ஜினியர்கள் கூடி நின்று பெயர் சொல்லிக் கொடுத்தார்கள். அணைத்துப் போட்டால் மறுபடியும் கேட்டது.

வந்தவர்கள் பொரி வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள்.

என்ன கோளாறு என்று அஞ்சனா மேடம் கேட்டதற்கு, நிறைமதி சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். "அது கத்துக்கிட்டதை எழுதி வைக்கிற இடம் எப்பவோ கெட்டுப் போயிருக்கு, மேடம். நாலு வருஷமா எல்லாத்தையும் மனசுலயே வெச்சிருந்திருக்கு. அணைக்கவே இல்லாததால எங்களுக்குத் தெரியல. வித்த பெட்டிங்களும் இப்படித்தான் இருக்கும். பெரிய பவர் கட் வந்தா ஊரே நின்னுரும்."

எனக்குப் பாதிதான் புரிந்தது. நல்லவேளை, நான் டைரி எழுதுகிறேன்.

கிளம்பும்போது நிறைமதியிடம், "வரேம்மா," என்றேன்.

"போயிட்டு வாங்க," என்றாள்.

அவளுக்குக் கோபம் வந்தால்தான் எனக்கு மரியாதை கிடைக்கும். நீ போய் நீங்க வந்துவிட்டது.

பூசணிக்காயை உடைக்க எல்லோரும் மறந்துவிட்டோம்.


அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. வீட்டில் ஸ்க்ரூடிரைவருக்குப் பொட்டு வைக்கவில்லை.


அக்டோபர் 14, திங்கள்

தொழிற்சாலைக்குள் நுழைந்ததும் விசில். என் லைன் பசங்கள் என்னைத் தூக்கப் பார்த்தார்கள். எடை தெரிந்து இறக்கிவிட்டார்கள்.

எத்திராஜ் முதுகில் அறைந்தான். "பெத்த பொண்ணு பொட்டிக்கே ஆப்பு வெச்சுட்டு வந்திருக்கியே! உன்னைப் போய் அப்பாவின்னு நெனச்சேனே குணா!"

"கை பழக்கம்டா."

"ஆமா ஆமா. கை பழக்கம்." கண்ணடித்தான்.

டீயில் சர்க்கரை இல்லை என்று கேன்டீனில் சண்டை போட்டேன். மாஸ்டர் குடித்துப் பார்த்துவிட்டு, பாயசம் மாதிரி இருக்கிறது என்றார்.

மாலை தெரிந்தது. வாங்குவதற்கு முன் கோட்டுக்காரர்கள் ஆறு மாதம் பெரிய ஹோட்டலில் தங்கி நுண்ணொளியை அக்குவேறு ஆணிவேறாக ஆராய்ந்தார்களாம். அந்தப் பெட்டியை ஒரு தடவை அணைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கத்திரிக்காய் வாங்கினால்கூட நாங்கள் காம்பைத் திருப்பிப் பார்ப்போம். ஆனால் எங்கள் எருமை வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் செத்துப் பிழைத்துப் பழகியது. இதை யாரோ மேலே சொல்ல, மேலே இருப்பவர்கள் அதை எங்கள் 'தரச் சோதனை முறை' என்று எழுதிக்கொண்டார்கள்.


அக்டோபர் 25, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. கேன்டீன் டிவியில் அதே கோட்டு.

'சிட்டு' என்ற பெயருக்குச் சந்தையில் நல்ல மதிப்பு இருக்கிறது. கோடிக்கணக்கில் கொடுத்து வாங்கிய பெயர். எருமைக்கு நல்ல உடம்பு இருக்கிறது. ஆகவே இனி எருமையின் பெயர் சிட்டு. கோயம்புத்தூர் லேப் மூடப்படும். இன்ஜினியர்கள் விரும்பினால் சென்னைக்கு வந்து, எருமைக்குச் சிட்டு மாதிரி நடந்துகொள்ளச் சொல்லிக்கொடுக்கலாம்.

கை தட்டினோம்.

பிறகு மேடைக்குக் கூப்பிட்டு எனக்கு ஒரு சால்வையும், 'ஒருங்கிணைப்பு நாயகன்' என்று அச்சடித்த காபி கோப்பையும் கொடுத்தார்கள். கோப்பையை வீட்டில் கற்பகத்திடம் கொடுத்தேன். புளி போட்டு வைத்திருக்கிறாள்.


அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. நிறைமதி வந்தாள். எண்ணெய் தேய்த்துக் குளித்தாள், அம்மாவுக்கு முறுக்குப் பிழிந்துகொடுத்தாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு மத்தாப்பு கொளுத்தினாள். என்னிடம் மட்டும் அளந்து பேசினாள்.

மத்தியானம் மாடி அறையில் நின்றுகொண்டிருந்தாள். காபியோடு போனேன்.

"இந்த ரூமுக்கு எப்போ வெள்ளையடிச்சீங்க?"

"ஆகஸ்ட்லம்மா. மழைக்கு முன்னாடி."

"ஆகஸ்ட்லயே." சுவரை விரலால் தடவிப் பார்த்தாள். "கொசுவலைகூட."

"கொசு."

"ஒண்ணு கேக்கறேன். அந்தச் சுவிட்சுக்கு மூடி இருந்துச்சு. ரெண்டு ஸ்க்ரூ. கைப்பழக்கத்துல யாராவது ஸ்க்ரூவைக் கழட்டுவாங்களா?"

"என் வேலையே ஸ்க்ரூதானேம்மா. நீ பொறந்ததுலேர்ந்து..."

"நீங்க முடுக்கறவரு. கழட்டறவர் இல்ல."

நான் காபியை ஆற்றினேன். அது ஏற்கெனவே ஆறியிருந்தது.

"தெரிஞ்சுதானே செஞ்சீங்க?"

பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதை எழுத இந்தப் பக்கத்தில் இடமில்லை.

அவள் சென்னைக்கு வரவில்லையாம். நாச்சிமுத்துவோடு சேர்ந்து நாலைந்து பேர் புதிதாக ஏதோ ஆரம்பிக்கிறார்களாம். சாயங்கால ரயிலுக்கே கிளம்பினாள். நான் பையைத் தூக்கப் போனேன். "வேண்டாம், நானே தூக்கிக்கறேன்," என்றாள். பை ஒன்றும் கனமில்லை. பார்த்தாலே தெரிந்தது.


நவம்பர் 18, திங்கள்

புதுப் பெயர்ப்பலகைகள் வந்துவிட்டன. சிட்டுக்கென்று அடித்தவை, சின்னது. எருமையின் நெற்றியில் இருக்கும் துளைகளுக்குப் பொருந்தவில்லை. ஒவ்வொரு எருமைக்கும் புதிதாகத் துளை போட்டேன். நாள் முழுக்க மகளின் பெட்டிப் பெயரை என் பெட்டியில் முடுக்கினேன். ஒன்றுகூடத் தலைகீழாகப் போகவில்லை.


மார்ச் 3, திங்கள்

கம்பெனி வருஷா வருஷம் கொடுக்கும் டைரி இந்தத் தடவை வரவில்லை. ஆகவே பழைய கம்பெனி ஒன்றின் வெறும் டைரியில் எழுதுகிறேன். நல்ல தாள்.

டைரி ஏன் வரவில்லை என்று இன்று தெரிந்தது. டெல்வாராவை வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. ஐந்தாவது அடையாள அட்டைக்குப் போட்டோ எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள்.

எத்திராஜ் கேட்டான்: "அவன்கிட்டயும் ஒரு மெட்ரோ பொட்டி இருக்காமே?"

கை தட்ட இந்தத் தடவை யாரும் சொல்லவில்லை.


ஜூன் 20, வெள்ளி

எருமை நிறுத்தப்பட்டது. இனி வெளிநாட்டுப் பெட்டிதான். கப்பலில் மூடியே வரும். இந்தியாவில் அதை 'சிட்டு' என்ற பெயரில் விற்கப் போகிறார்களாம். பெயர்ப்பலகையும் அங்கேயே முடுக்கிவிடுவார்கள்.

என் லைனுக்குப் பூட்டு. பசங்களைக் கணக்கு முடித்து அனுப்பினார்கள். எத்திராஜ் என் முதுகில் அறையாமல் போனது இதுதான் முதல் தடவை. என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள், நாயகன் அல்லவா. வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் ஒரு எருமையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், கம்பெனியின் வரலாறாம். தினம் அதைத் துடைக்கிறேன். அணைக்க வேண்டியதில்லை. அது ஓடவில்லை.

எதற்காக அந்த இரண்டு ஸ்க்ரூவைக் கழட்டினேன் என்று இன்று துடைக்கும்போது தோன்றியது. கண்ணில் தூசி விழுந்துவிட்டது.


செப்டம்பர் 22, திங்கள்

நிறைமதி போன் பண்ணினாள். அம்மாவிடம் பேசிவிட்டு, என்னிடம் கொடுக்கச் சொன்னாளாம்.

"அடுத்த செவ்வாய்க்கிழமை எங்க புது ஆபீஸ்ல ஆயுத பூஜை. லீவு போட முடியுமா?"

"கண்ணாடி அலமாரிதானே. ஒரு நாள் தூசியோட இருக்கட்டும்."


செப்டம்பர் 30, செவ்வாய்

மறுபடி கோயம்புத்தூர். கற்பகமும் கூட வந்தாள். ஒரு பேக்கரிக்கு மேல் இருக்கிறது ஆபீஸ். படியேறும்போதே பன் வாசனை. மொத்தம் ஏழு பேர். நடுவில் ஒரு பெட்டி, மேல்மூடிகூட இல்லாமல், ஒயரெல்லாம் தெரிய, பிரசவ ஆஸ்பத்திரிக் குழந்தை மாதிரி. இன்னும் பெயர் வைக்கவில்லை.

நாச்சிமுத்து கும்பிட்டார். "வாங்ணா! வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை இதை அணைச்சுப் போட்டுப் பாக்கறமுங். எல்லாம் உங்க புண்ணியம்." அதில் குத்தல் இருந்ததா என்று பார்த்தேன். கொஞ்சம் இருந்தது. "நாளைக்கு எவனாவது இதையும் வெலைக்குக் கேட்டு வருவான். அவன் வர்றதுக்குள்ள நாமளே பாத்துக்கோணும்."

ஈரத்துணியைத் தேடினேன். யாரோ முன்பே துடைத்து வைத்திருந்தார்கள். சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். நிறைமதி அதை வாங்கிக் கீழே வைத்தாள். பெட்டியைத் திருப்பிப் பின்புறத்தைக் காட்டினாள். சுவிட்சுக்கு மூடி இல்லை.

"அப்பா, நீதான் அணைக்கணும்."

நீ என்றாள். சரியாகக் காதில் விழுந்தது. கற்பகத்துக்கும் விழுந்தது, முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள்.

அணைத்தேன். விளக்குகள் போயின. மறுபடி போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. கீழே பேக்கரியில் யாரோ தட்டைப் போட்டு உடைத்தார்கள். அப்போது நான் கண்ணை மூடிக்கொண்டதாகக் கற்பகம் சொல்கிறாள். தூசி. அந்த ஆபீஸில் தூசி இல்லை என்றும் அவளே சொல்கிறாள்.

பிறகு ஒரு பச்சை விளக்கு. அப்புறம் இன்னொன்று. பக்கத்துத் திரையில் நின்றுபோன சினிமா, நின்ற இடத்திலிருந்து ஓடத் தொடங்கியது. பெட்டி எதையும் யாரிடமும் கேட்கவில்லை.

"இன்னொரு தடவை அணைப்பா," என்றாள்.

அணைத்தேன். ரயிலுக்குக் கிளம்பும்வரை அவள் சொல்லச் சொல்ல அணைத்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு தரமும் எழுந்தது.

ஒவ்வொரு தரமும் தெரிந்துதான் செய்தேன்.